மலைப்பாதை பைக்குக்கு லித்தியம் பேட்டரி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, மாதச் சந்தா பாக்கி என்று பேசும் கூட்டத்தில் பைக் பேட்டரிக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பார்க்கிங்கில் இப்போது மலைப்பாதை பைக்குகள் கூடிவிட்டன. ஹிமாலயன் இருக்கிறது, எக்ஸ்பல்ஸ் இருக்கிறது. 2025-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த கே.டி.எம். 390 எண்டியூரோ ஆர் வாங்கலாமா என்று இரண்டு வீடுகளில் பேச்சு நடக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகள் செங்கம் வழியாகவோ போளூர் வழியாகவோ ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களில் சிலர் வண்டியோடு வந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி போட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த பேட்டரி வண்டியில் இருக்கும்போது அவர்கள் விஷயம். கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடும்போது, மேலே கீழே தூங்குகிற எல்லோருடைய விஷயமும் ஆகிவிடுகிறது. அதனால் வண்டி ஓட்டுகிறவர்களும் கேளுங்கள், ஓட்டாதவர்களும் கேளுங்கள்.

எண்டியூரோ என்றால் என்ன என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கல், மண், ஓடை, சேறு என்று எது வந்தாலும் நாள் முழுக்க வண்டியும் ஆளும் தாக்குப்பிடித்து ஓட்டுகிற போட்டி அது. 1913-லேயே இங்கிலாந்தில் ஆறு நாள் போட்டியாகத் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் இந்த வகை ஓட்டத்துக்கு ஆள் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனார். கேரளத்தின் ஹரித் நோவா 2024-ல் அதே பந்தயத்தில் ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். நம் பிள்ளைகளுக்கு இவர்கள்தான் முன்மாதிரி. நல்லதுதான். ஆனால் பந்தய வண்டிக்குப் பொருந்துவதெல்லாம் பால் வாங்கப் போகும் வண்டிக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

லித்தியத்தை ஏன் விரும்புகிறார்கள்? முதல் காரணம் எடை. 8 ஏ.எச். அளவுள்ள வழக்கமான ஆசிட் பேட்டரி சுமார் 3 கிலோ இருக்கும். அதற்குப் பதிலாகப் போடும் லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். மணலில் விழுந்த வண்டியை ஒரு நாளில் இருபது முறை தூக்கி நிறுத்துகிறவருக்கு அந்த 2 கிலோ பெரிய விஷயம். இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் அதிகம் இறங்காது. என்ஜின் பட்டென்று பிடிக்கும். ஹிமாலயன் போன்ற வண்டியில் கிக்கர் கிடையாது. ஜமுனாமரத்தூர் தாண்டி ஏதோ ஓர் ஏற்றத்தில் வண்டி நின்றால் செல்ஃபை நம்பித்தான் திரும்பி வர வேண்டும். மூன்றாவது, ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தினாலும் ஆசிட் பேட்டரியைவிட மெதுவாகத்தான் சார்ஜ் இறங்கும்.

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். கடைக்காரரிடம் ஆறு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: உள்ளே என்ன ரகம்? லித்தியம் என்றால் ஒரே பொருள் இல்லை. லித்தியம் அயான் என்பது பொதுப்பெயர். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்பது அதில் ஒரு ரகம், அயர்ன் என்றால் இரும்பு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சுருக்கமாக எல்.எஃப்.பி. என்பார்கள். போனிலும் லேப்டாப்பிலும் பெரும்பாலும் இருப்பது நிக்கல், கோபால்ட் சேர்ந்த வேறு ரகங்கள்.

நம் 12 வோல்ட் பைக்குக்கு எல்.எஃப்.பி.தான் பொருந்தும். ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட். நான்கைக் கோர்த்தால் 12.8. அதை அதிகபட்சம் 14.6 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம். வண்டியின் சார்ஜிங் சிஸ்டம் கொடுப்பதும் 14 வோல்ட்டை ஒட்டித்தான். சாவியும் பூட்டும்போல் சேர்ந்துவிடுகிறது. நிக்கல் ரக செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். மூன்றைக் கோர்த்தால் 12.6-க்கு மேல் ஏற்றக் கூடாது, ஆனால் வண்டி 14 கொடுக்கும். நான்கைக் கோர்த்தால் நிறைய 16.8 வேண்டும், வண்டியால் கொடுக்க முடியாது. ஆகவே பழைய லேப்டாப் செல்லை வைத்து ஒருவர் மலிவாக பேக் கட்டித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சூடு தாங்குவதிலும் எல்.எஃப்.பி. நிக்கல் ரகத்தைவிட நிதானமானது. ஆனால் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேதமானால் அதிலிருந்தும் எரியும் வாயு வரும்.

இரண்டாவது கேள்வி: உண்மையான கொள்ளளவு எவ்வளவு? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் 8 ஏ.எச். என்று பெரிதாகப் போட்டு, ஈக்வலன்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் அது 8 ஏ.எச். ஆசிட் பேட்டரிக்குச் சமம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்காகவே இருக்கலாம். அதனால் வாட்-அவர் எவ்வளவு என்று கேளுங்கள். 12 வோல்ட், 8 ஏ.எச். ஆசிட் பேட்டரி என்றால் 96 வாட்-அவர். 12.8 வோல்ட், 2 ஏ.எச். லித்தியம் என்றால் 25.6 வாட்-அவர்தான்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு 40 வாட் கூடுதல் விளக்கை எரியவிட்டால், அந்தச் சின்ன லித்தியம் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. இன்னொன்று, திருட்டுக்குப் பயந்து நிறையப் பேர் ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டியிருக்கிறீர்கள். அது சும்மா நிற்கும்போது 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஏ.எச். பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். 2 ஏ.எச். பேட்டரி எட்டு நாளில் காலி. ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்தால் வண்டி எழுந்திருக்காது. எல்.எஃப்.பி. பேட்டரி ஒரேயடியாகக் காலியாகிவிட்டால் செல்லும் கெட்டுவிடும். டிராக்கரும் கூடுதல் விளக்கும் இருக்கிற வண்டிக்கு, இடம் இருக்கிறவரை பெரிய அளவு வாங்குங்கள். எடையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நிம்மதி கிடைக்கும்.

மூன்றாவது கேள்வி: பி.எம்.எஸ். இருக்கிறதா, அது என்னென்ன செய்யும்? பி.எம்.எஸ். என்பது பேட்டரிக்குள் இருக்கும் காவல்காரன். நான்கு செல்லையும் சமமாக வைத்திருப்பது ஒரு வேலை. வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறினால் துண்டிப்பது, மிகவும் இறங்கினால் துண்டிப்பது, ஷார்ட் ஆனால் துண்டிப்பது அடுத்த வேலைகள். மலிவான சில பேட்டரிகளில் சமன் செய்யும் சர்க்யூட் மட்டும் இருக்கும், துண்டிக்கும் ஏற்பாடு இருக்காது. "பி.எம்.எஸ். இருக்கு சார்" என்ற ஒரு வார்த்தையோடு விட்டுவிடாமல், இந்த மூன்று துண்டிப்பும் இருக்கிறதா என்று எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்வி கடைக்காரரிடம் இல்லை, உங்கள் மெக்கானிக்கிடம்: என் வண்டி எத்தனை வோல்ட் சார்ஜ் கொடுக்கிறது? மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலில் வைத்து, என்ஜின் வேகத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 13.6-லிருந்து 14.6 வரை இருந்தால் சரி. 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை. அதை மாற்றாமல் லித்தியம் போடவே கூடாது. ஆசிட் பேட்டரி அதிகச் சார்ஜைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் அப்படிப் பொறுக்காது. ஐந்து நிமிட வேலை இது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் முன் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.

ஐந்தாவது கேள்வி: சூட்டையும் அதிர்வையும் தாங்குமா? நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் 40 டிகிரி தாண்டும். பெரும்பாலான எல்.எஃப்.பி. செல்களுக்கு சார்ஜ் ஏறும்போது 45 டிகிரிதான் வரம்பு. சீட்டுக்குக் கீழே, என்ஜின் சூட்டில், நிற்காமல் ஓட்டினால் அந்த வரம்பைத் தொட்டுவிடும். சைலன்சருக்குப் பக்கத்தில் பேட்டரி பெட்டி இருக்கும் வண்டி என்றால் இன்னும் யோசியுங்கள். அதிர்வுக்கு வருவோம். லித்தியம் பேட்டரி அளவில் சிறியது, பழைய பெட்டிக்குள் ஆடும். கூடவே தருகிற ஃபோம் பட்டைகளைச் சுற்றிலும் வைத்து, அசையாமல் கட்ட வேண்டும். டெர்மினல் ஸ்க்ரூவை ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பிறகும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். ஓடையில் இறக்குகிறவர்கள் தண்ணீர் புகாத தரக்குறியீடு உண்டா என்றும் கேளுங்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லடாக் போகத் திட்டமிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே எல்.எஃப்.பி. சோர்ந்துவிடும். காலையில் செல்ஃப் பிடிக்கவில்லை என்றால் பதறி அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு விடுங்கள். கரண்ட் ஓடினால் செல் உள்ளுக்குள் கொஞ்சம் சூடாகும், பிறகு பிடிக்கும்.

ஆறாவது கேள்வி: என்ன சான்றிதழ்? சில இடங்களில் ஸ்டார்ட்டர் பேட்டரியைக் காட்டி ஏ.ஐ.எஸ். 156 சான்று உண்டு என்று சொல்லி விற்கிறார்கள். அது மின்சார இருசக்கர வாகனங்களை ஓட்டும் பெரிய பேட்டரிக்கான தரம். என்ஜினை ஸ்டார்ட் செய்யவும் விளக்கு எரியவும் மட்டும் பயன்படும் பேட்டரி அதற்குள் வராது. லித்தியம் பேட்டரி எதுவானாலும் அனுப்பி வைக்கும் முன் தேற வேண்டிய சோதனை யூ.என். 38.3. அதிர்வு, சூடு, ஷார்ட், அதிகச் சார்ஜ் எல்லாம் அதில் உண்டு. அந்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாமல், பெயர் இல்லாமல் வரும் பேட்டரியை விலை குறைவு என்று வாங்காதீர்கள். வாரன்டி கார்டில் கடை முத்திரை வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் என் பையனுக்கு வாங்கித் தரலாமா, வேண்டாமா?" என்று கேட்பீர்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாரம் முழுக்க ஆபீஸுக்கும், மாதம் ஒருமுறை மலைக்கும் போகிற வண்டிக்கு லித்தியம் தேவையில்லை. மூடிய வகை மெயின்டனன்ஸ் ஃப்ரீ ஆசிட் பேட்டரியே போதும். விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், பழையதைக் கொடுத்தால் கடையில் கழித்துக்கொள்வார்கள். போட்டியில் இறங்குகிறவர், வாரந்தோறும் கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர், வண்டியின் ஒவ்வொரு கிலோவையும் எண்ணுகிறவர் இருந்தால், அவர் தாராளமாக லித்தியம் போடட்டும், மேலே சொன்ன ஆறு கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு. நண்பன் போட்டிருக்கிறான் என்பதற்காக மட்டும் போட வேண்டாம்.

மலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இடையில் ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக் காடு. 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். நம் அண்ணாமலையார் மலைச் சரிவும் வனத்துறையின் கையில்தான் இருக்கிறது. பொதுச் சாலையும் ஊர்ப்பாதையும் இருக்கும்போது காட்டுக்குள் தடம் போட வேண்டாம்.

இப்போது நம் கட்டடத்துக்கு வருகிறேன். வேலூர் இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 2022 மார்ச் மாதத்தில், அங்கே ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் பள்ளிக்குப் போகும் அவர் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி இரவு, செகந்திராபாத்தில் ஒரு ஹோட்டல் கட்டடத்தின் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்தது. புகை மேலே ஏறி, மாடியில் தங்கியிருந்தவர்களைச் சூழ்ந்தது. 8 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் அரசு ஏ.ஐ.எஸ். 156 தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்தியது.

ஸ்கூட்டர் பேட்டரி பெரியது, பைக்கின் ஸ்டார்ட்டர் பேட்டரி சிறியது. இரண்டையும் ஒன்றாக்கி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் இரண்டு சம்பவத்திலும் ஒரு பாடம் பொது: வெளியே போகிற வழியில் புகை நிறைந்தால் ஆட்கள் தப்ப முடியாது. நம் கட்டடத்திலும் பார்க்கிங் கீழே, படிக்கட்டு நடுவில். அதனால் பொதுக்குழு முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, படிக்கட்டு, வராண்டா, லிஃப்ட் வாசல் ஆகிய இடங்களில் எந்த பேட்டரியையும் சார்ஜ் போடக் கூடாது, வைக்கவும் கூடாது. வீட்டில் வாசற்கதவுக்கு அருகிலும் வேண்டாம்.

இரண்டு, கழற்றிய பேட்டரியை வீட்டில் சார்ஜ் போடுகிறவர்கள் பகலில், ஆள் விழித்திருக்கும்போது, டைல்ஸ் தரையில் வைத்துப் போடுங்கள். சோபா, கட்டில், துணி பக்கத்தில் வேண்டாம். அந்த பேட்டரிக்கென்று சொன்ன லித்தியம் சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய ஆசிட் சார்ஜர்களில் டீசல்ஃபேட் என்று ஒரு வசதி இருக்கும். அது வோல்டேஜை ஏற்றி அடிக்கும், லித்தியத்துக்கு ஆகாது.

மூன்று, மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பார்க்கிங்கில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துத் தனித்தனி பாயின்ட் போடுவோம். ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கட்டும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடும் பழக்கத்தை நிறுத்துவோம்.

நான்கு, உப்பியது, கீழே விழுந்து நசுங்கியது, விசித்திர வாசனை வருவது, தொட்டால் சுடுவது, இவற்றில் எது இருந்தாலும் அந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். காம்பவுண்டுச் சுவர் ஓரம், வண்டிகளிலிருந்து தள்ளி, ஒரு மணல் தொட்டி வைக்கலாம். அதில் வைத்துவிட்டுச் செயலாளருக்குத் தகவல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

ஐந்து, பழைய லித்தியம் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், காயலான் கடைக்கும் போட வேண்டாம். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு. வாங்கும்போதே, பழசானால் எங்கே திருப்பிக் கொடுப்பது என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நம் தூய்மைப் பணியாளர்கள் கையில் அது நசுங்கிப் புகைந்தால், அந்தப் பாவம் நம்முடையது.

ஆறு, இது நம் ஊருக்கே உரியது. தீபத் திருநாளிலும் பௌர்ணமி இரவுகளிலும் கிரிவலக் கூட்டத்தால் சாலைகளை அடைத்துவிடுவார்கள். தீயணைப்பு வண்டி கிளம்பினாலும் நம் தெருவுக்கு வந்து சேர நேரமாகும். அந்த நாட்களில் பேட்டரி சார்ஜ் வேலையை முந்தின நாள் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை தீப்பிடித்தால்? முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும். புகையை முகர்ந்து பார்க்கக்கூட நிற்காதீர்கள், அது நச்சுப் புகை. 101-க்கோ 112-க்கோ போன் செய்து, எரிவது லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள். மெயினை நிறுத்துங்கள். நம் மாடிகளில் மாட்டியிருக்கும் பவுடர் சிலிண்டர் சுற்றியிருக்கும் துணி, மரத்தில் பற்றிய தீயை அணைக்கும். பேட்டரியின் சூட்டைத் தணிக்காது, அணைந்ததுபோல் இருந்து மறுபடி பற்றும். சூடு தணியத் தண்ணீர்தான் நிறைய வேண்டும், அதைத் தீயணைப்புத் துறையிடம் விட்டுவிடுங்கள். வண்டியை மீட்கப் போகிறேன் என்று யாரும் உள்ளே ஓடக் கூடாது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

இந்த ஆறு யோசனைகளையும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதற்கு மட்டும் செலவு உண்டு. மற்ற ஐந்துக்கும் மணல் தொட்டி நீங்கலாகப் பெரிய செலவு இல்லை, பழக்கத்தை மாற்றினால் போதும். பைக் வைத்திருப்பவர்கள், வைத்திருக்காதவர்கள் இரண்டு தரப்பும் படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக எடுத்துக்கொள்வோம். வண்டியின் சார்ஜிங் வோல்டேஜைப் பார்க்க விரும்புகிற பிள்ளைகள் ஞாயிறு காலையில் பார்க்கிங்குக்கு வாருங்கள். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, காசு வேண்டாம்.